பாட்டோடு ஊர்ப் பெயரும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெட்டை அந்தந்த நேரத்தில் கற்பனையாக விரித்து வாசிக்கும் அமெரிக்க இசையான ஜாஸைச் சேர்ந்தவர்கள் கை வைத்தால் நாட்டுப்புறப் பாட்டு செத்துவிடும் என்று சென்ற வாரம் ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தே குடும்பம் நடத்தியவன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. தாலாட்டின் மேல் டிரம்ஸை ஏற்றி, சாக்ஸபோனை முழக்கி, பாடுகிற அம்மாவின் குரலையே அமுக்கிவிடும் கச்சேரிகளை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது வாசிக்கிறவர் செய்யும் தப்பு. ஜாஸ் மேல் பழி போட வேண்டாம்.

அவர் யான் யோஹான்சனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்வீடன் நாட்டு பியானோ கலைஞர். 1968-ல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 37தான். அதற்கு நாலு வருஷம் முன்பு, 1964-ல், 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். எல்லாம் அந்த நாட்டுக் கிராமத்து மெட்டுகள். வாசிப்பவர்கள் இரண்டே பேர். பியானோவில் அவர், ஆள் உயர வயலின் போன்ற, கனத்த ஒலி தரும் டபுள் பேஸில் யேயோர்க் ரீடல். டிரம்ஸே கிடையாது. ஸ்வீடனில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் தட்டுகளில் அதுவும் ஒன்று.

அதில் வரும் 'ஊத்தன்மீரா பாட்டு' ஒன்று போதும். மெட்டை ஒற்றை ஒற்றைச் சுரமாக, அவசரமே இல்லாமல் வாசிக்கிறார். வரி முடிந்ததும் கார்வை. அடுத்த சுற்றில் ஒரு சுரத்துக்குப் பக்கத்துச் சுரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு வருகிறார், உடனே அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஏக்க இசையான புளூஸின் வாசனை வந்துவிடுகிறது. மெட்டு மட்டும் அசையவில்லை. பேஸ் வாசிப்பவனுக்குக் காலி இடத்தைக் கண்டால் விரல் துறுதுறுக்கும். ரீடல் அந்த இடத்தை நிரப்பவே மாட்டார், கூடவே நடந்து வருவார். இதைவிட மரியாதையாக ஒரு பழைய பாட்டை வாசிக்க முடியுமா?

இன்னொன்றும் கவனியுங்கள். ஊத்தன்மீரா என்பது ஸ்வீடனில் சில்யான் ஏரித் தீவு ஒன்றில் இருக்கும் சின்னக் கிராமம். தட்டில் உள்ள மற்றொரு கல்யாண ஊர்வல மெட்டின் தலைப்பிலேயே அதை வாசித்த லார்ஷோகா யோன்கெ என்ற பிடில்காரரின் பெயர் இருக்கிறது. ஸ்வீடனில் மெட்டு சேகரித்தவர்கள் பிடில்காரர்களைத் தேடிப் போய், மெட்டுகளை நோட்டு எழுதி, 1922 முதல் 'ஸ்வென்ஸ்கா லோத்தார்' என்ற பெயரில் பகுதி பகுதியாக அச்சிட்டார்கள். யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. யோஹான்சன் மெட்டை எடுத்துக்கொண்டபோது அந்தப் பெயர்களைக் கழற்றிப் போடவில்லை.

அப்படிக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. ஸ்வீடனின் வெர்ம்லாந்து மாகாணத்தைப் புகழும் பழைய பாட்டு ஒன்றை 1951-ல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் ஸ்டாக்ஹோமில் ஒலிப்பதிவு செய்தார். அமெரிக்காவில் அது 'டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்' ஆகிவிட்டது. மறு வருஷம் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதே பெயரில் வாசித்தார். வாசிப்பு அபாரம், அதில் பேச்சே இல்லை. ஆனால் வெர்ம்லாந்து மேற்கே நார்வே எல்லையில் இருக்கிறது, ஸ்டாக்ஹோம் கிழக்குக் கடற்கரையில். ஓர் ஊர்க்காரர்களின் பாட்டு தலைநகரத்தின் பெயருக்குப் போய்விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊரில் அந்த அளவுக்குக்கூட இல்லை. நடவுப் பாட்டையோ ஒப்பாரியையோ எடுத்துப் புதுசாக வாசித்து வெளியிடுகிறவர்கள் பலர், 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். கிட்டார் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், போட்டோ எடுத்தவர் பெயரெல்லாம் இருக்கும். வயலில் நின்று அதைப் பாடிக் காட்டிய பாட்டியின் பெயர் இருக்காது.

உங்கள் இணைப்பில் வாரா வாரம் புது இசை வெளியீடுகளைப் பற்றி எழுதுகிறீர்கள். நாட்டுப்புற மெட்டு என்று தெரிந்தால், எந்த ஊர், யார் பாடிக் கேட்டது என்று வெளியிட்டவரிடம் கேட்டு, அதையும் சேர்த்து அச்சிடுங்கள். கேட்டும் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பேஸ் கிட்டார் கலைஞர்,
தென்னூர், திருச்சி.