பதிவைத் திறக்கும் முன் பாதையைக் காட்டுங்கள்: ட்ரெயில் அல்ட்ரா மாரத்தான் ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். ட்ரெயில் அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீண்ட மலைப்பாதை ஓட்டங்களுக்கான உங்கள் அறிவிப்புகளில் தேதி, தூரம், கட்டணம், பதக்கத்தின் படம் ஆகிய நான்கும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் மொத்த ஏற்றமும் இறக்கமும் எத்தனை மீட்டர், எந்தச் சோதனைச் சாவடியை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்பவை பல போட்டிகளில் கடைசி வாரங்களில்தான் தெரியவருகின்றன. அதற்குள் பயிற்சிக் காலம் முடிந்துவிடுகிறது. இவ்விவரங்களைப் பதிவு தொடங்கும் நாளிலேயே வெளியிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்து ஒரு மலைப்பாதை ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகக் கணக்கிட்டுத் தூரத்துடன் கூட்டுகிறது. அதன்படி 2,500 மீட்டர் ஏற்றம் உள்ள 50 கிலோமீட்டர் ஓட்டம், 75 கிலோமீட்டர் உழைப்புக்குச் சமம். அதே 2,500 மீட்டரும் இரண்டே நெடிய ஏற்றங்களாக வந்தால், கைத்தடிகளோடு மணிக்கணக்கில் விறுவிறுவென்று ஏறி நடக்கப் பழக வேண்டும். சிறு மேடுகளாகச் சிதறிக் கிடந்தால், ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும் பயிற்சியே உதவும். ஆகவே எங்களுக்கு மொத்த எண் மட்டும் போதாது. உயர வரைபடமும், பாதையைக் கைபேசியிலோ கைக்கடிகாரத்திலோ ஏற்றிப் பார்க்க உதவும் ஜிபிஎக்ஸ் கோப்பும் வேண்டும்.

அந்தக் கணக்கு இறக்கத்தைச் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில், ஏறத்தாழ 161 கிலோமீட்டரில் 5,500 மீட்டர் ஏற்றமும் 7,000 மீட்டர் இறக்கமும் இருக்கின்றன. இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடலின் வேகத்தைத் தடுக்கின்றன. தசை நார்கள் மிகுதியாகச் சேதமடைவது அப்போதுதான். மூச்சு நன்றாக இருந்தும் படியிறங்க முடியாத நிலைக்கு ஓடுபவர்கள் ஆளாவது இதனால்தான். முன்கூட்டியே சில முறை நீண்ட சரிவுகளில் ஓடிப் பழகினால் தசைகள் அடுத்த முறை அந்த அளவுக்குச் சேதமடைவதில்லை. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். ஆனால் ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரங்கள் ஓய்வை நோக்கிப் பயிற்சியைக் குறைக்க வேண்டியவை. செங்குத்தான இறக்கம் இருக்கிறது என்று அப்போது தெரியவந்தால், செய்வதற்கு ஒன்றுமில்லை.

கட்-ஆஃப் நேரங்களை, அதாவது ஒவ்வொரு சாவடியையும் கடக்க வேண்டிய கடைசி நேரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மேற்சொன்ன 50 கிலோமீட்டருக்கு 12 மணி நேரம் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை மட்டும் வைத்து வகுத்தால் 20ஆவது கிலோமீட்டரை 4 மணி 48 நிமிடத்தில் கடக்க வேண்டும். ஆனால் மொத்த ஏற்றத்தில் 1,600 மீட்டர் அந்த முதல் 20 கிலோமீட்டரிலேயே இருந்தால், உழைப்பின் அளவில் அது 75-இல் 36. அதற்குரிய நேரம் ஏறக்குறைய 5 மணி 45 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம்! முழு ஓட்டத்தையும் உரிய நேரத்தில் முடிக்கக்கூடிய ஒருவர், காலை வேளையிலேயே நிறுத்தப்பட்டுவிடுவார். சாவடிவாரியான நேரங்களையும், முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் எந்தச் சாவடியில் விலகினார்கள் என்பதையும் வெளியிட்டால், இது தமக்கு ஏற்ற போட்டிதானா என்று அவரவரே முடிவு செய்துகொள்வார்கள்.

நீர், உணவு நிலையங்களுக்கு இடையிலான தூரமும், அங்கே என்ன கிடைக்கும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஓடிக்கொண்டே உண்பதற்கு வயிற்றையும் பழக்க வேண்டியிருக்கிறது.

கட்டாய உபகரணப் பட்டியலைத் தாமதமாகத் தருவது ஆபத்தானது. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென ஆலங்கட்டி மழையும் உறைகுளிர்க் காற்றும் தாக்கி 21 பேர் உயிரிழந்தனர். ஓடியவர்களில் பலர் மெல்லிய உடைகளில் இருந்தனர். மழைச்சட்டை, உடல் சூட்டைக் காக்கும் உயிர்காப்புப் போர்வை, ஹெட்லேம்ப், விசில் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள்; தொடக்கக் கோட்டில் பைகளைத் திறந்து சரிபாருங்கள். பட்டியல் முன்பே கிடைத்தால்தான், அந்த எடையைச் சுமந்தபடி எங்கள் நீண்ட ஓட்டங்களை ஓடிப் பழக முடியும். புதுப் பை தோளை உரசுகிறது என்பதைப் போட்டி நாளில் கண்டுபிடிப்பதால் யாருக்கும் பயனில்லை.

வனப்பகுதிக்கான அனுமதி கடைசி நேரத்தில்தான் கிடைக்கிறது, பாதை மாறக்கூடும் என்று நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தற்காலிகப் பாதை என்று குறிப்பிட்டே வெளியிடுங்கள். மாற்றங்களைத் தேதியுடன் அறிவியுங்கள். ஏற்றமோ கட்-ஆஃப் நேரமோ பெரிதாக மாறினால், கட்டணத்தைத் திரும்பப் பெறவோ அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளவோ வாய்ப்பளிக்கும் விதியை, பதிவுப் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பாதைகளில் ஓடும் ஒருவர்