விழித்திருப்பதைப் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாயிருந்தது. குடும்ப ஜெபத்தில் அவளை நாங்கள் விடாமல் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மகனுக்கு வேலை நிரந்தரமானதும் பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மகள் படிப்பை முடித்துவிட்டாள். அம்மாவுக்குக் காது முன்னைவிட மந்தமாகிவிட்டது, ஆனால் அதிகாலை ஜெபத்தை மட்டும் விடவில்லை.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு. நம் வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிப்பாரே, அந்த அண்ணன் போன மாதம் தூக்கத்திலேயே கர்த்தரிடம் போய்விட்டார். வியாதி என்று எதுவும் இல்லை. அடக்க ஆராதனை முடிந்தபிறகு அவருடைய தம்பி என்னிடம் வந்து அழுதார். சொத்து விஷயத்தில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சே கிடையாது, உனக்கும் தெரியும். சாவதற்குச் சில வாரம் முன்னால் அண்ணனே தம்பி வீட்டுக்குப் போய், "நமக்குள் இது போதும்" என்று சொல்லி, கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சாவு பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. வசனத்தில் ஏதோ வாசித்தார், உடனே எழுந்து போனார், அவ்வளவுதான் என்றார் தம்பி.

நீ எழுதியிருந்த கேள்வியை நான் அந்தச் சமயத்தில்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். "ஆண்டவர் இன்றைக்கு வந்தால் நான் ஆயத்தமா என்று கேட்டுக்கொண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது" என்று எழுதியிருந்தாய். உங்கள் சபைக் கூட்டத்தில் யாரோ வருஷக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டினார் என்றும் எழுதியிருந்தாய்.

அந்தக் கணக்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். அவரைப் பின்பற்றினவர்கள் கடைசியில் ஆண்டவர் வருவது 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள்கூட உண்டு. அந்த நாள் வந்தது, போனது. விடிந்தபோது எத்தனை பேருடைய விசுவாசம் நொறுங்கிப்போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் வருகிறது. உண்மையாய் ஆண்டவரை நேசித்தவர்கள் அவர்கள். ஆனால் காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று பரமேறிப் போகும்போது அவர் சொல்லிவிட்டார். நாள் தெரியாது என்பதால்தானே விழித்திருக்கச் சொன்னார்? நாள் தெரிந்தால் முந்தின ராத்திரி மட்டும் விழித்திருந்தால் போதுமே.

இப்போது மாற்கு 13-ஐயும் 14-ஐயும் ஒரே மூச்சில் வாசித்துப் பார். நாம் அதிகார எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறோம், அதனால் ஒன்றைக் கவனிக்காமல் போகிறோம். 13-இன் கடைசியில், வீட்டெஜமான் "சாயங்காலத்திலோ, நடுராத்திரியிலோ, சேவல் கூவும் நேரத்திலோ, காலையிலோ" வருவான், தெரியாது, விழித்திருங்கள் என்கிறார். ரோமர் இராத்திரியை நாலு ஜாமமாகப் பிரித்த கணக்கு அது. அடுத்த அதிகாரத்தில் என்ன நடக்கிறது? சாயங்காலத்தில் பந்தியிருக்கும்போது, உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார். ராத்திரியில் கெத்செமனே தோட்டத்தில் கூடப்போன மூன்று சீஷரும் தூங்குகிறார்கள். சேவல் கூவும்போது, வேலைக்காரி ஒருத்தி கேட்டதற்கே பயந்து, அவரைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்து முடித்திருக்கிறான். 15-இன் முதல் வசனத்தில், காலையில் அவரைக் கட்டிப் பிலாத்துவிடம் கொண்டுபோகிறார்கள். நாலு ஜாமமும் அந்த ஒரே இராத்திரியில் வந்துவிட்டது! உலக முடிவைப் பற்றிய போதனை என்று சீஷர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில நாளைக்குள்ளேயே அவர்களுடைய சோதனை வந்து நின்றது. அண்ணனை நினைக்கும்போதும் எனக்கு இதுதான் தோன்றுகிறது. வருகை எப்போதோ இருக்கட்டும், இன்றைக்கு சாயங்காலம் நமக்கு முன்னால் ஒரு பந்தி இருக்கிறது, ஒரு தோட்டம் இருக்கிறது, வேலைக்காரி ஒருத்தி கேட்கிற கேள்வி இருக்கிறது. அங்கே தூங்குகிறவன் பெரிய நாளுக்கு மட்டும் விழித்துக்கொள்வானா?

அந்த பேதுருதான் பிற்பாடு எழுதுகிறார்: "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்." அனுபவப்பட்டவர் சொல்கிறார். விழுந்தவருக்கும் திரும்ப எழுந்து மற்றவர்களை எழுப்புகிற வேலை கொடுக்கப்பட்டது என்பது எனக்கு எவ்வளவு தைரியம் தருகிறது தெரியுமா!

அப்புறம் லூக்கா 21:34. இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். இருதயம் பாரமடையாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறவர், எதனால் பாரமடையும் என்று மூன்றைச் சொல்கிறார்: பெருந்திண்டி, வெறி, லவுகீக கவலைகள். முதல் இரண்டையும் வாசிக்கும்போது இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுகிறோம். மூன்றாவதில்தான் நாம் இருக்கிறோம். குடிவெறியையும் கவலையையும் ஒரே வரியில் வைத்துவிட்டாரே! சபையில் குடிப்பவனைக் கண்டிப்போம், கவலைப்படுகிறவனைப் பொறுப்புள்ளவன் என்று மெச்சுவோம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்யாணம், வேலை இடத்து அரசியல் என்று ஒவ்வொன்றும் நியாயமான விஷயம்தான். ஆனால் ராத்திரி முழுக்க அதையே அசைபோட்டுவிட்டு, காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு கல் மாதிரி கிடக்கிறது. படுக்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். பாவம் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஆண்டவர் பேசினால் கேட்கிற நிலையில் இல்லை. உன் கடிதத்தில் பயம் என்று நீ எழுதியது பாதி இந்தப் பாரம்தானோ என்று எனக்குச் சந்தேகம். கடனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு அதற்கு அடுத்த வரியிலேயே வருகையைப் பற்றிய பயத்தை எழுதியிருக்கிறாய், பார்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் சர்தை என்ற ஊரின் சபைக்கு எழுதின நிருபத்தையும் ஒருதரம் வாசி. "நீ விழிக்காவிட்டால் திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்று அவர்களுக்குத்தான் வருகிறது. அந்த ஊர்க் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. ஏற முடியாது என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கம் காவலே வைக்கவில்லை. கி.மு. 546 வாக்கில் பெர்சிய ராஜா கோரேசின் படை அந்த வழியாகத்தான் ஏறிப் பிடித்தது. மேலிருந்து ஒரு வீரன் கீழே விழுந்த தன் தலைச்சீராவை எடுக்க இறங்கி ஏறினதை எதிரி பார்த்துவிட்டான் என்று கிரேக்க சரித்திரக்காரர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, மூன்றாம் அந்தியோகஸ் என்ற ராஜாவின் காலத்திலும் காவலில்லாத இடத்தில் ஏறியே ஊரைப் பிடித்தார்கள். அந்தச் சபையாருக்கு இந்தச் சரித்திரம் தெரிந்தேதான் இருக்கும். நமக்கும் அப்படித்தான், பலவீனம் என்று தெரிந்த இடத்தில் ஜெபிக்கிறோம். கோபம் எனக்கு வராது, பண ஆசை எனக்கில்லை என்று நினைக்கிற பக்கத்தில் ஆளே இல்லை.

ஆனாலும் நண்பா, பயத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை. மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளும் தூங்கினார்கள் என்றுதானே மத்தேயுவில் இருக்கிறது? புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்ந்துதான் தூங்கினார்கள். அவர்களிடம் எண்ணெய் இருந்தது. களைத்துத் தூங்குகிறதற்காக ஆண்டவர் யாரையும் வெளியே தள்ளவில்லை. லூக்கா 12:37-ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். எஜமான் வந்து, விழித்திருந்த ஊழியக்காரரைப் பந்தியில் உட்காரவைத்து, தாமே அரைகட்டிக்கொண்டு அவர்களுக்கு ஊழியம் செய்வாராம்! இப்படிப்பட்டவர் வருகிறார் என்றால் அதற்காகப் பயப்பட என்ன இருக்கிறது? ஊருக்குப் போன அப்பாவுக்காகப் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி காத்திருக்கலாம்.

இன்னொன்று, தனியாக விழித்திருப்பது கஷ்டம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற இடத்தில் மொரேவியர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் 1727-இல் மணிக்கு மணி முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் அறுபடாமல் நடந்தது. ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான் பங்கு. கெத்செமனேயில் அவர் கேட்டதும் அந்த ஒரு மணி நேரம்தானே.

நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம், அதற்கேற்ற மாதிரி ஒன்று செய்வோமா? வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் உனக்குப் போன் பண்ணுகிறேன். இந்த வாரம் மனசில் எது பாரமாக உட்கார்ந்திருக்கிறது, யாரோடு ஒப்புரவாக வேண்டியிருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்போம். பூசி மெழுகாமல் பதில் சொல்லி, சேர்ந்து ஜெபித்துவிட்டு வைத்துவிடலாம். கடன் விவரத்தையும் மறைக்காமல் சொல், யோசனை சொல்லத் தெரிந்தவர் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார், பேசிப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை உனக்கு ஒத்துவராவிட்டால் வேறு நாள் எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய நண்பன்