கோட்டூர்புரத்தில் உதவிய அந்த அக்காவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் இரண்டாம் தளத்தில், தமிழ்ப் புத்தகப் பகுதியில் எங்களுக்கு உதவிய அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்காமல் வந்துவிட்டேன், இன்னும் மனசு உறுத்துகிறது.

2010இல் நூலகம் திறந்ததிலிருந்து அப்பா அங்கே போய்வருகிறார். இப்போது முழங்கால் வலி, பார்வையும் மங்கல். புதிதாக வந்த புத்தகங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாகக் கிளம்பினார். கீழ் அடுக்கில் இருந்ததை அவரால் குனிந்து எடுக்க முடியவில்லை. நீங்கள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்பை வாசித்துக் காட்டினீர்கள். எழுத்து பெரிதாக இருந்த நாலைந்தைத் தனியே அடுக்கி, வெளிச்சமான இடத்தில் நாற்காலியும் போட்டுக் கொடுத்தீர்கள். ஒரு புத்தகத்தில் ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களை நகத்தால் மெல்லப் பிரித்து, "ஐயா, இதை நீங்கதான் முதல்ல படிக்கப் போறீங்க" என்றீர்களே, அதை வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், என் மகளை முதல் தளத்துச் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போய், அந்தச் செயற்கை மரத்தடியில் படக்கதையோடு உட்காரவைத்ததும் நீங்கள்தான். ரொம்ப நன்றி அக்கா. வரும் ஞாயிறும் மூவரும் வருகிறோம்.