டோஃபுவை ஏன் நிறுத்தினாய்?

அன்புள்ள பாப்பா,

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. மைலோ, அப்பாவுக்குக் கோடாரித் தைலம், எனக்கு சோயா மாத்திரை டப்பா, எல்லாம் பத்திரம். தைலத்தை அப்பா அன்றைக்கே திறந்துவிட்டார். மாத்திரையை நான் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

தைராய்டு குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, சோயா பாலை உறையவைத்த டோஃபு, சோயாப் பயறைப் புளிக்கவைத்த தெம்பே, சோயா பால் மூன்றையும் தலைமுழுகிவிட்டாய். அதே கையோடு அதே சோயாவிலிருந்து பிரித்தெடுத்த சாரத்தை, மாதவிடாய் நிற்கும் வயதில் அம்மாவுக்குத் திடீர் திடீரென்று வரும் உடல் சூட்டுக்கு நல்லது என்று காசு கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறாய். சாப்பாடு ஆபத்து, மாத்திரை நல்லது. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே தலைகீழாக்கிவிட்டாயே கண்ணு!

முதலில் உன் தைராய்டு. சோயாவையும் தைராய்டையும் முடிச்சுப் போட்ட கதை நம் குன்னூரில் தொடங்கியது என்று உனக்குத் தெரியுமா? சிம்ஸ் பார்க் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறதே, அங்கே 1918ல் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நிற்கிறது. அவருக்குக் கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம் என்றால் தனி ஆர்வம். 1933ல் சோயாவும் நிலக்கடலையும் கழலையை உண்டாக்கக்கூடும் என்று ஒரு கட்டுரை எழுதினார். கவனி, நிலக்கடலையும் அந்தத் தலைப்பிலேயே இருந்தது. ஆனால் தைராய்டு என்றதும் கடலை மிட்டாயை நிறுத்தியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பழி முழுக்க சோயாவுக்குத்தான் போனது.

அப்புறம் அமெரிக்காவில், பசும்பால் ஒத்துக்கொள்ளாத கைக்குழந்தைகளுக்கு சோயா மாவில் செய்த பால் கொடுத்தார்கள். 1950களில் அதில் சில குழந்தைகளுக்குக் கழலை வந்தது. அந்தப் பாலில் அயோடின் கிடையாது. 1960களில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தார்கள், அதோடு அந்தத் தொல்லை நின்றது. அயோடின் போதுமான அளவு உடம்பில் இருந்தால் சோயா தைராய்டைப் பெரிதாக அசைப்பதில்லை என்று அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால் டோஃபுவைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் உன் உப்புப் பாக்கெட்டைப் பார். இளஞ்சிவப்பு நிறத்தில் இமயமலை உப்பு என்று ஏதாவது ஃபேஷனுக்கு மாறியிருந்தால், சாதாரண அயோடின் உப்புக்கே திரும்பிவிடு.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைக்கக் கூடாது. தைராய்டு குறைவின் விளிம்பில் இருப்பவர்களைப் பற்றி பிரிட்டனில் ஒரு ஆய்வு நடந்தது, 2011ல் வெளிவந்தது. அறுபது பேர். தினமும் சோயாப் புரதத்தோடு ஐசோஃப்ளேவோன் என்ற சோயாப் பொருளை 16 மில்லிகிராம் எடுத்ததில் ஆறு பேருக்கு அது முழு அளவுக் குறைபாடாக மாறியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் விளிம்பில் நிற்பவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்றே நானும் சொல்லி வந்தேன். நீ அந்த விளிம்பைத் தாண்டி தைராக்சின் மாத்திரைக்கே வந்துவிட்டாய். சுரப்பி தராததை மாத்திரை தருகிறது. இனி உன் கவலை, அந்த மாத்திரை முழுசாக உடம்பில் சேருகிறதா என்பதுதான்.

இங்கேதான் நான் உன்னைப் பிடிக்கப் போகிறேன். சோயா பாலை நிறுத்துவதற்கு முன்னால், காலையில் மாத்திரையை எதோடு விழுங்கிக்கொண்டிருந்தாய்? வீடியோ காலில் பார்த்தேனே, ஒரு கையில் பை, ஒரு கையில் சோயா பால் பாக்கெட், எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே வாயில் மாத்திரை. சோயா குடலில் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போவது குறையும். காபியும் அப்படித்தான் கெடுக்கும். உன் கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் இன்னும் மோசம், அவற்றுக்கு நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் தைராக்சினைப் போடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ இட்லியோ உன் இஷ்டம். சோயாவை மத்தியானத்துக்கோ ராத்திரிக்கோ தள்ளிவிடு. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மட்டும் சாப்பிடாதே. ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப டோஸை வைத்துக்கொள்வார்.

இனி என் டப்பா. ஒரு மாத்திரையில் 80 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன், நாளைக்கு இரண்டு போடச் சொல்கிறார்கள். ஐசோஃப்ளேவோன் என்பது சோயாவில் இயற்கையாகவே இருப்பது. நம் உடம்பின் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போலக் கொஞ்சம் உருவம், ஆனால் வீரியம் ரொம்பக் குறைவு, அதுவும் எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரி இல்லை. நூறு கிராம் டோஃபுவில் சுமார் 25 மில்லிகிராம் இருக்கும். ஜப்பானில் வயதானவர்கள் ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து பெறுவதே 25லிருந்து 50தான். நீ எனக்கு அனுப்பியிருப்பது அரை கிலோவுக்கும் மேலான டோஃபு, தினமும்! சமைத்துப் போட்டிருந்தால் நானே "போதும் பாப்பா" என்று தட்டை நகர்த்தியிருப்பேன். மாத்திரை என்றால் அந்தத் தடை இல்லை பார்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் இந்த மாத்திரைகளை ஆராய்ந்தது. நாளைக்கு 35லிருந்து 150 மில்லிகிராம் வரை எடுத்த, மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு மார்பகம், கருப்பை, தைராய்டு மூன்றிலும் கெடுதல் நடந்ததற்குச் சான்று இல்லை என்றது. நீ அனுப்பியது அந்த வரம்புக்கும் மேலே. இத்தாலியில் அதற்கு முன்னாலேயே 150 மில்லிகிராமை ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்தபோது, சில பெண்களுக்குக் கருப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி இல்லை. பயனாவது பெரிதா என்றால் அதுவும் இல்லை. சில ஆய்வுகளில் உடல் சூடு கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் இல்லை. வட அமெரிக்க மாதவிடாய் நிற்றல் சங்கம் 2023ல் சோயா உணவையோ சாரத்தையோ இதற்குப் பரிந்துரைக்கவில்லை. எனக்கு அந்தச் சூடு வருவது உண்மைதான். குன்னூர் குளிரில் சில ராத்திரி அது வசதியாகவே இருக்கிறது, விடு.

சித்தி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அவள் இதையேதான் கேட்கிறாள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயாவைத் தொடக் கூடாது என்ற பேச்சு எலிகளிடமிருந்து வந்தது. மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களை எலிகளின் உடலில் வைத்து, சோயாவின் ஐசோஃப்ளேவோன்களில் ஒன்றான ஜெனிஸ்டீனைக் கொடுத்தபோது கட்டி வளர்ந்தது. பயப்பட வேண்டிய செய்திதான். ஆனால் எலியின் உடம்பு அந்தப் பொருளைக் கையாளும் விதம் நம்மைப் போன்றதல்ல. பிறகு ஷாங்காயில் இந்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5042 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள், 2009ல் முடிவு வந்தது. சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவாகவே இருந்தன. சித்தி போடும் டாமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுத்தவர்களிடமும் அப்படித்தான். சோயாதான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சோயா அதிகம் சாப்பிடும் பெண் வேறு நல்ல பழக்கங்களும் வைத்திருக்கலாம். ஆனால் கெடுக்கவில்லை என்பதற்கு இது போதும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றுதான் சொல்கிறது. அந்தப் பெண்கள் சாப்பிட்டதும் டோஃபு, சோயா பால், பச்சை சோயா. டப்பா மாத்திரை இல்லை. சித்தியிடம் இந்த வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொல்.

மாப்பிள்ளை ஜிம் நண்பர்கள் பேச்சைக் கேட்டு, சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஒதுக்குகிறாராமே? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010லும் 2021லும் சொல்லிவிட்டார்கள். மார்பு வீங்கிய ஆள் ஒருவர் மருத்துவ இதழில் வந்தது நிஜம். அவர் தினமும் மூன்று லிட்டர் அளவுக்கு சோயா பால் குடித்தவர். மாப்பிள்ளை அவ்வளவு குடித்தால் எனக்கு போன் போடு.

அப்பா கதை வேறு. கொலஸ்ட்ராலுக்கு சோயா நல்லது என்று பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை இன்னும் டைரிக்குள் வைத்திருக்கிறார். அது பொய்ச் செய்தி இல்லை, அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1995ல் 38 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. சோயாப் புரதத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் 13 சதவீதம் போலக் குறைகிறது என்றது. அதைப் பிடித்துக்கொண்டு சோயாப் புரதம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999ல், நாளைக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சடிக்க அனுமதித்தது. பிறகு இன்னும் கவனமாகச் செய்த ஆய்வுகள் வர வர அந்த எண் சுருங்கியது. 2006ல் அமெரிக்க இதயச் சங்கம் மறுபடி கணக்குப் பார்த்து, சுமார் 3 சதவீதம்தான், அதுவும் நாளைக்கு 50 கிராம் புரதம் தின்றால் என்றது. 2017ல் உணவு மருந்து நிர்வாகமே தன் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று முன்மொழிந்தது. இப்படி ஒரு அனுமதியை விலக்கிக்கொள்ள அவர்கள் முன்மொழிந்தது அதுவே முதல் முறை.

இதைக் கேட்டதும் அப்பா, "விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று சொல்வார்கள்" என்று கையை விரித்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 13 என்று சொன்னவர்களை 3 என்று திருத்தியதும் விஞ்ஞானிகள்தானே. பாக்கெட்டில் அச்சடித்தவர்கள் திருத்தவில்லை. அதே இதயச் சங்கம் இன்னொன்றும் சொன்னது: சோயா உணவில் நிறைவுறா கொழுப்பும் நாரும் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு குறைவு, அதனால் கொழுப்பு மிகுந்த இறைச்சிக்குப் பதிலாகத் தட்டில் வந்தால் நல்லது. பதிலாக வந்தால் மட்டும். நெய் ரோஸ்ட்டையும் பொரித்த கோழியையும் தின்றுவிட்டு மேலே ஒரு கப் சோயா பால் குடித்தால் அப்பாவின் கொலஸ்ட்ராலுக்கு ஒன்றும் ஆகாது, அவருக்கு இது எப்போது புரியுமோ.

மற்றபடி உனக்கு சோயாவால் லாபம் புரதம்தான். அசைவம் இல்லாத தட்டில் பாலுக்கும் பருப்புக்கும் அப்புறம் நல்ல புரதம் எங்கே? தாவரப் புரதங்களில் பால், முட்டை தரத்துக்குக் கிட்டே வருவது சோயா. மீல் மேக்கரைக் காய்ந்த நிலையில் எடை போட்டால் பாதிக்கு மேல் புரதம், நூறு கிராமுக்கு 50 கிராம் அளவு. எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திச் செய்தது அது. ஆனால் ஊறினதை நூறு கிராம் எடை போட்டுவிட்டு 50 கிராம் புரதம் என்று ஏமாறாதே, பாதிக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்ததில் ஒருவருக்கு 30 கிராம் போதும். வெந்நீரில் போட்டு நன்றாகப் பிழிந்து, இன்னொரு தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போகும்.

உங்கள் ஊரில் இதைவிட நல்லதெல்லாம் கிடைக்கிறது. உணவங்காடியில் இந்தியன் ரோஜாக் வாங்கினால் தெம்பேயும் தௌகுவா என்ற கெட்டி டோஃபுவும் பொரித்தே தருவான், அது என்றைக்காவது. மார்க்கெட்டில் தெம்பே பச்சையாக வாங்கிக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சாம்பாரில் போடு, முருங்கைக்காயோடு நன்றாகச் சேரும். கெட்டி டோஃபு வாங்கும்போது கால்சியம் சல்ஃபேட் சேர்த்து உறையவைத்ததா என்று பார், அதில் கால்சியமும் உனக்குக் கிடைக்கும். சோயா பால் வாங்கினால் சர்க்கரை இல்லாதது, கால்சியம் சேர்த்தது. சர்க்கரை, கொழுப்பு அளவுக்கு ஏற்பப் பாக்கெட்டில் போடும் நியூட்ரி கிரேடு எழுத்தைப் பார்த்து ஏ, பி-க்குள் எடு. முழு சோயாப் பயறை வாங்கினால் நன்றாக வேகவிடு. அரைவேக்காட்டில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் மிச்சமிருக்கும், வயிறும் உப்பும். யாருக்காவது சோயா அலர்ஜி என்றால் இதெல்லாம் பேசவே வேண்டாம், அவர்கள் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

டப்பாவை உனக்குத் திருப்பி அனுப்பத் தபால் செலவு கட்டுபடியாகாது. பரண் மேல் போட்டுவிட்டேன். அடுத்த முறை அந்தக் காசுக்குத் தைலம் இரண்டு பாட்டில் சேர்த்து அனுப்பு, அப்பா சந்தோஷப்படுவார்.

மாத்திரையை நான் சொன்னபடி தண்ணீரில் போட ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டிஎஸ்எச் பார். மாத்திரை இப்போது சரியாகச் சேர ஆரம்பித்தால் டோஸ் அதிகமாகக்கூடப் போகலாம். படபடப்பு, தூக்கமின்மை என்று ஏதாவது வந்தால் எட்டு வாரம் காத்திராமல் டாக்டரிடம் போ. நீயாக டோஸை மாற்றாதே. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, எண்ணை மட்டும் மெசேஜில் தட்டாமல் முழுத் தாளையும் போட்டோ எடுத்து.

அம்மா