பணம் கட்டும் முன்னால் ஒரு தடவை படித்துச் சொல்லுங்கள்

சேலம் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருடைய குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் நகல் மட்டும் கேட்பதில்லை, ஆளும் கேட்பார்கள். "அண்ணே, பாகப்பிரிவினைக்கு நல்ல வக்கீல் யாரு?" என்றால் யோசிக்காமல் நாலு பேர் சொல்வேன். ஜாமீன், ஜீவனாம்சம், செக் பவுன்ஸ், விபத்து இழப்பீடு எல்லாவற்றுக்கும் சொல்வேன். ஆனால் இந்த ஐந்தாறு வருஷமாக இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: "வெளிநாட்டு விஷயம் பார்க்கிற, நம்பிக்கையான வக்கீல் இங்கே யாராச்சும் இருக்காங்களா?" இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கேட்கிறவர்கள் யாரென்றால், ஓமலூர்ப் பக்கத்து ஐடிஐ பையன்கள், நர்சிங் முடித்த பெண்கள், ஏற்காட்டில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு மாலத்தீவுக்குப் போக நினைப்பவர்கள், மகன் கனடாவில் படிக்கப் போகிறான் என்று வீட்டை அடமானம் வைக்க வந்த அப்பாக்கள். இவர்கள் யாரும் கேஸ் நடத்த வருவதில்லை. கையில் ஒரு காகிதம் இருக்கும். அது நிஜமா பொய்யா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். அக்கா வீடு செவ்வாய்ப்பேட்டையில். மாமா கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை. பையன் டிப்ளமோ மெக்கானிக்கல். போலந்தில் கிடங்கு வேலை, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் என்று ஒரு கன்சல்டன்சி சொன்னது. பெயர் வேண்டாம். முதலில் ஐம்பதாயிரம், 'ஒர்க் பெர்மிட்' வந்துவிட்டது என்று ஒன்றே கால் லட்சம், விசாவுக்கு நாள் வாங்க ஒரு லட்சம். மொத்தம் 2,75,000 ரூபாய். பாதி அக்காவின் நகை, மீதி வட்டிக்கு வாங்கியது.

இருபது ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். நாலு பக்கம், ஆங்கிலம். ஏழாவது பத்தியில், கொடுத்த பணம் 'ஆலோசனைக் கட்டணம்' என்றும், எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்றும் இருந்தது. வேலை வாங்கித் தருகிறோம் என்ற வார்த்தை நாலு பக்கத்திலும் இல்லை. இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பத்திரத்தை இரண்டு நகல் எடுத்துக் கொடுத்ததே நான்தான். "மாமா, இங்க் நல்லா விழுதா பாருங்க" என்றான். இங்க் விழுகிறதா என்று பார்த்தேன். படிக்கவில்லை.

பத்து மாதம் கழித்துத்தான் எல்லோருக்கும் புரிந்தது. அப்புறம் வக்கீல் தேடினோம்.

முதலில் பார்த்தவர் மூத்த சிவில் வக்கீல். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தச் சட்டம் பழக்கமில்லப்பா, தெரிஞ்ச ஆளைப் பாரு" என்று அனுப்பிவிட்டார். பீஸ் வாங்கவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. அடுத்தவரைப் பார்த்த பிறகுதான் அவர் அருமை தெரிந்தது. அடுத்தவர், "எல்லாம் பார்த்துடலாம், அவன் அலறிட்டு வருவான்" என்றார். ஐயாயிரம் வாங்கினார், ரசீது இல்லை. ஒரு நோட்டீஸ் போனது. யாரும் அலறவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தது பதிவு செய்து நாலைந்து வருஷமே ஆன ஒரு பெண் வழக்கறிஞர். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏஜென்ட்டோட லைசன்ஸ் நம்பர் என்ன?" அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கைப்பேசியில் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினார். இல்லை. மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி (எமிக்ரேஷன் ஆக்ட்), வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சப் ஏஜென்ட் என்று ஒருவரை நியமிக்க அனுமதியே கிடையாது, பதிவு பெற்றவர்கூட வேலைக்குப் போகிறவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும் என்று சொன்னார். நாங்கள் கட்டியது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. போலீஸ் புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணமே இல்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார். பத்து மாதம் ஏற்கெனவே ஓடியிருந்தது.

பணம் பாதிகூட இன்னும் வரவில்லை. அது வேறு விஷயம். அந்த இரண்டு நிமிடம் பத்து மாதம் முன்னால் கிடைத்திருந்தால் என்பதுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பார் கவுன்சில் விதி 36. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம்கூட இணையத்தில் வக்கீல்களை விளம்பரப்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தது. விதியில் நியாயம் இருக்கிறது. வக்கீல் தொழில் வியாபாரம் ஆகிவிடக் கூடாது. ஆனால் தெருவில் நின்று பாருங்கள். புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரோடு வரைக்கும் விமானம் போட்ட பிளக்ஸ், 'நூறு சதவீதம் விசா'. சட்டம் படித்தவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சட்டம் தெரியாதவர் மைக் பிடித்திருக்கிறார். வெளியூர்க்காரன் எந்தக் கதவைத் தட்டுவான்? 2022-இல் நல்ல கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் போய் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டிய தமிழ்ப் பையன்கள் தட்டியதும் இப்படிப்பட்ட கதவுகளைத்தான்.

இன்னொரு சங்கடமான விஷயம், நோட்டரி முத்திரை. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஜனம் அந்த முத்திரையைப் பார்த்ததும், "நோட்டரி போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்று நிம்மதியாகிவிடுகிறது. கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்குத்தான் அது சாட்சி, உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு இல்லை என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அக்கா மகனுடைய பத்திரத்திலும் அழகாக ஒரு முத்திரை இருந்தது. சீல் குத்தும்போது, "தம்பி, இதை நான் சரிபார்க்கலை" என்று ஒரு வாய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கன்சல்டன்சி போர்டில் 'சட்ட ஆலோசகர்' என்று தங்கள் பெயரை எழுத விடுகிறவர்களும் ஒருமுறை யோசியுங்கள்.

சேலத்து வக்கீல் கனடா விசாவோ அமெரிக்க விசாவோ வாங்கித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அந்த ஊர்ச் சட்டம். ஆனால் யாரை நம்பலாம் என்று சரிபார்க்க பல நாடுகள் பட்டியல் வைத்திருக்கின்றனவாம். கனடா விண்ணப்பத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற வக்கீலுக்கும், அவர்கள் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் பதிவு செய்தவருக்கும், இன்னும் ஒருசில வகையினருக்கும்தான் அனுமதி. ஆலோசகர் பெயரை அந்தப் பதிவேட்டில் தட்டினால் வந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கு ஏஜென்ட் பதிவு எண் உண்டு. இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு ஆணையம் இருக்கிறது, 2025 ஜனவரியில் பெயர்கூட மாற்றினார்கள். அமெரிக்காவுக்கு என்றால், ஆலோசனை சொல்கிறவர் அங்கே ஏதாவது ஒரு மாநிலத்து வக்கீல் பாரில் உறுப்பினரா என்று பார்க்க வேண்டும். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. ஜெராக்ஸ் கடைக்காரன் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமென்றால், ஆங்கிலத்தில் சட்டம் படித்த உங்களுக்கு அரை நாள் வேலை.

உள்ளூரிலேயே, நம் நாட்டுச் சட்டத்திலேயே வேலை இருக்கிறது. நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு அம்மா அடிக்கடி வருவார். பிறப்புச் சான்றிதழை எட்டு நகல் எடுப்பார், எட்டு ஆபீசுக்கு. 1985 என்று பார்த்த ஞாபகம். இங்கே பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று 1955 குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே காரணத்துக்காகப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். ஒரு தேதி தெரிந்த வக்கீல் கிடைத்ததால் நடந்தது. எட்டு நகல் எடுக்கிற அம்மாவுக்கு அந்தத் தேதியை யாராவது சொல்லியிருப்பார்களா? 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றத்துக்கும் வெளிநாட்டினருக்கும் புதுச் சட்டம் வேறு வந்துவிட்டது, 1946-ஆம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டம் போய்விட்டது. எத்தனை பேர் வாங்கிப் படித்தீர்களோ தெரியாது. என் கடையில் அதை நகல் எடுத்தவர் ஒரே ஒருவர்.

சரி, என்ன கேட்கிறேன் என்றால் இதுதான். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரு மேசை, இரண்டு வக்கீல். சங்க அறையிலோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ போடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987 சட்டப்பணிகள் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். மற்றவர்களிடம் முந்நூறோ ஐந்நூறோ வாங்குங்கள், ரசீது கொடுங்கள். ஆபர் லெட்டரையும் ஒப்பந்தத்தையும் படித்துவிட்டு, ஏஜென்ட் பதிவு இருக்கிறதா, விசா வேலை விசாவா சுற்றுலா விசாவா, எந்தப் பத்தியில் கண்ணி இருக்கிறது என்று தமிழில் சொல்லி அனுப்புங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அந்த மூத்தவர் சொன்ன மாதிரி. அவர் பெயரை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன், சிவிலுக்கு.

விதி 36 இதற்கு இடம் கொடுக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தனி ஆள் பெயர் போட முடியாது என்றால் வேண்டாம். கிழமை, நேரம், அறை எண் போதும். காங்கிரஸ் தலைவராக இருந்த வக்கீல் விஜயராகவாச்சாரியார் வாழ்ந்த ஊர், 1900-இல் ராஜாஜி தொழில் தொடங்கிய பார் என்று நீங்கள் கூட்டங்களில் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அழைப்பிதழ் நகல் எடுப்பதே நான்தானே.

அறை எண்ணை எழுதி அனுப்புங்கள். ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்து, கல்லா மேலே, ஒப்பந்தம் நகல் எடுக்க நிற்கிறவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைக்கிறேன். அடிப்பதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடைக்காரன்