ஒரே ஆளுக்கு மூன்று பட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மனநலக் கேள்வி-பதில் பகுதியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பதில்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருந்தன. ஆனால் பதில் சொன்னவரைத் தலைப்பில் 'மனநல மருத்துவர்' என்றும், முன்னுரையில் 'மனநல நிபுணர்' என்றும், படத்துக்குக் கீழே 'உளவியல் ஆலோசகர்' என்றும் போட்டிருக்கிறீர்கள். இவர் மருந்து எழுதித் தருகிறவரா, பேசிச் சிகிச்சை தருகிறவரா என்று பக்கத்தை இரண்டு தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று தோன்றலாம். இந்தக் குழப்பத்தில் எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம் வீணாய்ப் போனது, அதனால் எழுதுகிறேன்.

என் தம்பிக்குக் கை கழுவும் பிரச்சினை. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கழுவ வேண்டும், கழுவி முடித்துக் குழாயை மூடினால் குழாயைத் தொட்டாயிற்றே என்று மறுபடி கழுவ வேண்டும், இப்படியே போய் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும் நிலைக்கு வந்துவிட்டான். தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று ஒரு 'மனநல நிபுணரிடம்' கூட்டிப்போனோம். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. வாராவாரம் தன்மையாகப் பேசினார், மனதைத் திடமாக வைத்துக்கொள் என்றார், கிருமி ஒன்றும் ஒட்டவில்லை, பயப்படாதே என்றார். வெளியே வந்ததும் அம்மா, "டாக்டர் இன்னிக்கும் மருந்து எழுதலையே?" என்று கேட்பார். அவர் டாக்டரே இல்லை, ஆலோசனைக்கான ஒரு குறுகிய காலச் சான்றிதழ் படித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்புறம்தான் யார் எதைப் படித்தவர் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சைக்யாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர், முதலில் எல்லா டாக்டர்களையும் போல முழு மருத்துவப் படிப்பையும் முடித்தவர். பிரசவ வார்டு, அறுவைச் சிகிச்சை, குழந்தை மருத்துவம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மனநோய்ப் பக்கம் வருகிறார், அதிலே தனியாகச் சில வருடங்கள் பயிற்சி. எத்தனை வருடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவில் 4, பிரிட்டனில் குறைந்தது 6. கிரேக்கத்தில் 'இயாட்ரோஸ்' என்றால் மருத்துவர், அந்தச் சொல்தான் இந்தப் பெயரின் பின்பாதி. 1808இல் யோஹான் கிறிஸ்டியன் ரைல் என்ற ஜெர்மன் மருத்துவர் உண்டாக்கிய பெயர்.

மருத்துவம் படித்ததால் அவர் முதலில் உடம்பையும் சேர்த்துப் பார்ப்பார். சோர்ந்து கிடக்கிற ஆளுக்கு மனச்சோர்வா, தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறதா, பி12 சத்துக் குறைவா என்று ரத்தப் பரிசோதனை எழுதுவார். நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால் அது சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், அதைச் சந்தேகிக்கத் தெரிந்தவர் வேண்டும். லித்தியம் மாதிரி மருந்து கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும், குளோசபைன் கொடுத்தால் வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். இது பேச்சில் முடிகிற வேலை இல்லை.

சைக்காலஜிஸ்ட், நாம் உளவியலாளர் என்கிறோமே, அவர் வந்த பாதையே வேறு. மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்திருக்கவே வேண்டியதில்லை. மனிதர் எப்படிக் கற்கிறார், எப்படி மறக்கிறார், குழந்தை எப்படி வளர்கிறது, ஒரு சோதனை சரியாக அளக்கிறதா என்று கண்டுபிடிக்கும் புள்ளியியல், இதெல்லாம்தான் அவர் பாடம். அதன்மேல் நோயாளிகளைப் பார்க்கும் சிறப்புப் பயிற்சியையும் மூத்தவர்களின் மேற்பார்வையில் முடித்தவரே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பிரிட்டனில் அதற்கு 3 வருட முனைவர் படிப்பு உண்டு. நினைவாற்றல், நுண்ணறிவு, கற்றல் குறைபாடு என்று மணிக்கணக்கில் சோதித்து அறிக்கை எழுதுவது இவர் கை வேலை. 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தபோது முதலில் வந்தது எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பையன்தான்.

முனைவர் பட்டம் வாங்கியவரும் ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். நம் மொழியில் மருத்துவர், முனைவர் என்று தனித்தனியாக இரண்டு சொல் கைவசம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டும் பத்திரிகைகள் இரண்டு பேரையும் 'டாக்டர்' என்றே போட்டால் என்ன செய்ய?

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார், பரிசோதனை எழுதினார், மாத்திரை கொடுத்தார், இந்த நோய்க்கு மருந்தின் பலன் முழுதாகத் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கையோடு, மாத்திரை மட்டும் போதாது என்று ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தாளில் தம்பி பயப்படுகிற பொருட்களை வரிசையாக எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை பயம் என்று எண் போடச் சொன்னார். கதவுக் கைப்பிடி 40, செருப்பின் அடிப்பாகம் 90. முதல் நாள் கைப்பிடி. முதலில் தானே இறுகப் பிடித்துக் காட்டிவிட்டு, அவனையும் பிடிக்கச் சொன்னார். அப்புறம் கை கழுவாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். தம்பி 40 என்று எழுதியது தொட்டதும் 70 ஆகிவிட்டது, கையைத் தன் உடம்பில் படாமல் தூக்கியே வைத்திருந்தான், முகமெல்லாம் வியர்வை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "இப்போ எத்தனை?" என்று மட்டும் கேட்டார். "அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அவன் என்னைக் கேட்டபோது பதில் சொல்லக் கூடாது என்று சைகை காட்டினார். ஆறுதல் சொல்லச் சொல்ல இந்த நோய் இன்னும் வேர் பிடிக்குமாம். முந்தைய 'நிபுணரும்' நாங்களும் மாதக்கணக்காக அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்! முக்கால் மணி நேரம் கழித்து அவன் சொன்ன எண் 30.

அதற்காக, மாத்திரை ஒருவருக்கு, பேச்சு மற்றவருக்கு என்று கோடு கிழித்துவிடவும் முடியாது. எண்ணங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையை 1960களில் உருவாக்கிய ஆரோன் பெக் மனநல மருத்துவர். மைக்கறையைக் காட்டி 'இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்கும் சோதனையை 1921இல் வெளியிட்ட ரோர்ஷாக்கும் அப்படியே. அந்தப் பக்கம் பார்த்தால் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002லும் லூசியானா 2004லும் கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் மருந்து எழுதவே சட்டம் போட்டன. பெரும்பாலான இடங்களில் அந்த அனுமதி கிடையாது. பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்பதற்கும் 'கவுன்சலர்' என்பதற்கும் அது இல்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மனநலம் பற்றி யார் எழுதினாலும், பேட்டி கொடுத்தாலும், அவர் என்ன படித்தவர் என்று ஒரு வரி போடுங்கள். மருத்துவரானால் மருத்துவர், உளவியலாளரானால் உளவியலாளர், ஆலோசகரானால் ஆலோசகர். 'பைத்தியக்கார டாக்டர்' என்ற பழைய கேலிக்குப் பயந்துதான் எல்லோருக்கும் பொதுவாக 'நிபுணர்' என்று எழுதுகிறீர்களோ என்னவோ, எண்ணம் நல்லதுதான், ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறவருக்கு அந்தச் சொல் உதவவில்லை.

தம்பி இப்போது அந்தத் தாளில் பயம் 60 என்று எழுதியதைத் தாண்டியிருக்கிறான், செருப்பு இன்னும் பாக்கி. இதை வெளியிட்டால், தயவுசெய்து 'மனநல நிபுணரால் குணமான தம்பி' என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாமல் படிக்கும் ஒரு வாசகி