மண்வெட்டியை நம்புகிறீர்கள், தொலைபேசியை ஏன் நம்பவில்லை?

திறந்தவெளிச் சிறைகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தம்பி உங்கள் பொறுப்பில் இருக்கிறான். எந்தச் சிறை, என்ன வழக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவனுக்குத்தான் சங்கடம். செய்தது தப்பு, கிடைத்தது சரியான தண்டனை. வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை. (அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அம்மாக்கள் அப்படித்தான்.)

அவன் இருக்கும் இடத்தில் மதில் கிடையாது. காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறான், பின்னால் காவலர் வருவதில்லை. மாலையில் தலை எண்ணும்போது வந்து நிற்கிறான். கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 89ஆவது விதி இப்படிப்பட்ட சிறைகளைப் பற்றிப் பேசுகிறது: தப்பிக்காமல் தடுக்கும் கட்டுமானம் எதுவும் இருக்காது, கைதியின் சுய கட்டுப்பாட்டை நம்பித்தான் அவை நடக்கும். நல்ல ஏற்பாடு. என் கேள்வி, அந்த நம்பிக்கை ஏன் வயல் வரப்போடு நின்றுவிடுகிறது என்பதுதான்.

தொலைபேசியை எடுத்தால் முதலில் ஒரு பதிவுக் குரல். இந்த அழைப்பு சிறையிலிருந்து வருகிறது, பதிவு செய்யப்படுகிறது என்கிறது. சரி, பதிவு செய்யுங்கள். எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. பதினைந்தாவது நிமிடம் வெட்டுப்படுகிறது. நாங்கள் திரும்பக் கூப்பிட வழியில்லை. போன மாதம் அவன் மகளுக்கு முன்பல் விழுந்தது. எந்தக் கதையையும் காலையில் கண்விழித்ததிலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளை அவள். பாட்டியும் அம்மாவும் பேசி முடித்து அவள் கைக்கு வரும்போது நாலு நிமிடம்தான் மிச்சம். பல் ஆடத் தொடங்கிய இடத்துக்கு வந்தபோது இணைப்பு போய்விட்டது. "அப்பா, கேளுப்பா" என்று செத்துப்போன கருவியிடம் இரண்டு தடவை சொன்னாள். இப்போதெல்லாம் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். ஏழு வயதில் தலைப்புச் செய்தி வாசிக்கப் பழகிவிட்டாள்.

கடிதம் இன்னொரு கதை. காகிதத்தில் போதை மருந்தை ஊறவைத்து அனுப்புகிறார்கள் என்று மூலக் கடிதத்தை நிறுத்திவிட்டு நகலைக் கொடுக்கிறீர்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பூட்டிய சிறையில் அந்தப் பயம் நியாயம். ஆனால் தினமும் காவலின்றி வெளியே போய்வருகிற ஒருவனுக்குப் போதை மருந்து வேண்டுமென்றால், அது மகள் வரைந்த படத்தின் வழியாகத்தானா வரவேண்டும்? மஞ்சள் கிரேயானால் அவள் போட்ட சூரியன் கறுப்பு வெள்ளையில் போய்ச் சேர்ந்தது. "இது என்ன, முள்ளம்பன்றியா?" என்று கேட்டான். அவள் அன்று சாப்பிடவில்லை.

உண்மையிலேயே கோபம் வந்தது வேறொன்றுக்கு. அவன் கூடத்தில் யாரிடமோ கைபேசி கிடைத்தது. கூடத்துக்கே இரண்டு வாரம் அழைப்பு கிடையாது என்று உத்தரவு. மண்டேலா விதிகளின் 43ஆவது விதி, குடும்பத் தொடர்பைத் துண்டிப்பது தண்டனையாக இருக்கவே கூடாது என்கிறது. பாதுகாப்புக்குக் கட்டாயம் தேவையென்றால் கொஞ்ச காலம் குறைக்கலாம், அவ்வளவுதான். இந்த விதிகளுக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். 27 ஆண்டு சிறையில் இருந்தவர். ராபன் தீவில் தொடக்க காலத்தில் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. 1968இல் தாயின் அடக்கத்துக்கும் 1969இல் மூத்த மகனின் அடக்கத்துக்கும் அவரைப் போகவிடவில்லை.

சந்திப்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்த பிறகு வாசலில் "இன்று நேர்காணல் ரத்து" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அம்மா அங்கேயே திண்ணை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. காலையில் ஒரு குறுஞ்செய்தி போதும். வேறு சிறைக்கு மாற்றும்போதும் அப்படித்தான். மாற்றினால் உடனே வீட்டுக்குத் தெரிவிக்க அவனுக்கு உரிமையும் வசதியும் உண்டு என்கிறது 68ஆவது விதி.

இதெல்லாம் இரக்கத்துக்காகக் கேட்பது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் சிறைத் துறையே, 2003 முதல் 2007 வரை விடுதலையான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறையில் யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி கடுங்குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு என்று அது கண்டது. கனெக்டிகட் மாநிலம் 2021இல் சட்டம் இயற்றிச் சிறை அழைப்புகளை இலவசமாக்கியது. நாங்கள் இலவசம்கூடக் கேட்கவில்லை. பதினைந்தை முப்பதாக்குங்கள். பிள்ளைகளின் படங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூலத்தையே கொடுங்கள். ஒருவன் செய்ததற்கு இன்னொருவனின் வீட்டுத் தொலைபேசியை ஊமையாக்காதீர்கள்.

விழுந்த பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த தடவை அப்பாவிடம் காட்ட எடுத்து வரலாமா அத்தை என்று கேட்கிறாள். உங்கள் அனுமதிப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன், பல் இல்லை. தடைப் பட்டியலிலும் இல்லை. அடுத்த நேர்காணலுக்கு முன் ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறைவாசியின் அக்கா